தெளிவாக எழுதவும்

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். இங்கே நலம் என்றால் சளி, முதுகுவலி, தூக்கமின்மை மூன்றும் அளவோடு இருக்கின்றன என்று அர்த்தம். நீ எப்படி இருக்கிறாய்? வாண்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இனிமேல் போனில் முகம் காட்ட வேண்டாம், கடிதம் எழுது என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவள் நாலு வயதுக் குழந்தையைப் பார்க்கக்கூடாதா என்று பட்டென்று வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். நான் திரையில் வந்து மறைந்ததும் அவள் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறாள், அலமாரியைத் திறந்து என் துணிகளுக்கு நடுவே தேடுகிறாள், பிறகு சுவரில் தலையை இடித்துக்கொள்கிறாள் என்றாயே. அதையெல்லாம் பார்க்கிறவள் நீ. சரி, எழுதுவோம். கூரியர் ஆபீஸ் கவுன்ட்டரில் தங்கையை வைத்துக்கொண்டு கடிதம் எழுதாவிட்டால் அந்த உத்தியோகத்துக்கே அவமானம்.

என் வேலை என்ன என்று மூன்றாம் தடவையாகக் கேட்டிருக்கிறாய். 'மருத்துவப் பதிவு நிபுணர்' என்று அட்டை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறேன். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்கு அடுத்த அறை. ஜன்னல் கிடையாது. இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாரும் அவரவர் ஊரில் டாக்டராக இருந்தவர்கள். எனக்கு எதிரில் இருப்பவள் அறுவைச் சிகிச்சை நிபுணர், இப்போது அவள் வெட்டுவது மத்தியான ரொட்டியை மட்டும்தான். நோயாளியைத் தொட எங்களில் ஒருவருக்கும் அனுமதி இல்லை. மேலே இருக்கும் டாக்டர்கள் எழுதும் ஃபைலைப் படிப்போம். ஒரு டாக்டர் 'காய்ச்சல்' என்று எழுதியிருப்பார். பரிசோதனை முடிவுகளைப் பார்த்தால் கிருமி ரத்தம் முழுக்கப் பரவி ஆள் சாகக் கிடந்தது தெரியும். 'இந்த அளவுகள் இப்படி இருக்கின்றன, இந்த மருந்து கொடுத்திருக்கிறீர்கள். நோயின் பெயரைத் தெளிவாக எழுதவும்' என்று கேட்டு அனுப்புவேன். பெயரை நான் எடுத்துக்கொடுக்கக் கூடாது, அதுதான் சட்டம். அவராக எழுதினால்தான் அந்த மனிதர் பட்ட பாடு கணக்கில் ஏறும், ஆஸ்பத்திரிக்கும் பணம் வரும். மேலே டாக்டர்களிடம் எனக்குக் 'கேள்விக்காரி' என்று பெயர். என்னோடு லிஃப்டில் ஏறிய டாக்டர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

இப்போது நல்ல சேதி. என் பயிற்சிக் காலம் முடிந்தது. எனக்கு விசா ஸ்பான்சர் செய்த ஆஸ்பத்திரி, வாண்டுவுக்கும் விண்ணப்பிக்க ஒப்புக்கொண்டுவிட்டது. குழந்தைகள் டாக்டரிடம் ஒரு மருத்துவ ரிப்போர்ட் வாங்கி அனுப்பு. இங்கே பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் என்னோடு இருப்பாள். அதை நினைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இரண்டு பேரும் சௌக்கியம். ஒருத்திக்கு முட்டியில் சிராய்ப்பு. இன்னொருத்திக்கு அவளைத் துரத்திக்கொண்டு ஓடியதில் இடுப்புப் பிடிப்பு. யாருக்கு எது என்று நீயே கண்டுபிடி, டாக்டர்தானே.

வாண்டு இப்போது பாட்டில் மூடி சேர்க்கிறாள். ஜன்னல் விளிம்பு முழுக்க மூடி. சிவப்பு, நீலம், வெள்ளை என்று அவளுக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. நான் துடைக்கும்போது ஒன்றை மாற்றி வைத்துவிட்டேன், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். பேச்சு இன்னும் இல்லை. முனகலாக ஏதோ ராகம் போடுகிறாள், சுருதி சுத்தமாக இருக்கிறது. நம் வீட்டில் யாருக்கும் இல்லாத ஞானம், அத்தான் வழியில் வந்திருக்க வேண்டும். அவர் இருந்து கேட்டிருக்கலாம்.

டாக்டரிடம் போனோம். அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற அதே டாக்டர்தான். ஃபைலைப் புரட்டினார். போன வருஷம் எழுதியது இருந்தது: 'பேச்சு தாமதம். கவனித்து வரவும்.' ரிப்போர்ட்டில் அதையே இந்த வருஷத் தேதி போட்டு எழுதினார்.

"இது போதும்மா. இதை அனுப்புங்க. உங்க அக்காகிட்ட காட்டுங்க, அவங்களும் டாக்டர்தானே, புரிஞ்சுக்குவாங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிகிறதா? ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை


பிப்ரவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடு, குனிந்து வீடு துடைக்காதே. நான் நலம்.

'பேச்சு தாமதம். கவனித்து வரவும்.' நாலு வயதுக் குழந்தையைப் பற்றி ஒரு டாக்டர் எழுதுகிற லட்சணமா இது? யார் கவனிக்க வேண்டும், எதை, எத்தனை நாளைக்கு? என் மேஜைக்கு இது வந்திருந்தால் அரைமணி நேரத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன். புரிந்துகொள்வேன் என்றாராம். நன்றாகப் புரிகிறது, சோம்பேறித்தனம். என்னை அடித்தளத்தில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுப்பதே இந்த மாதிரி ஆட்களைத் திருத்தத்தான்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவளுக்கு என்ன என்று புறப்படும் முன்பே எனக்குச் சந்தேகம் இருந்தது. உனக்கும் இருந்திருக்கும். நாம் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இங்கே போன வாரம் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தனி டீச்சர், தனி அறை, பேச்சுப் பயிற்சி எல்லாம் இருக்கிறது. நோயின் பெயர் ரிப்போர்ட்டில் இருந்தால்தான் முதல் நாளிலிருந்தே கிடைக்கும். மழுப்பலாக எழுதினால் விசா அதிகாரிக்கும் சந்தேகம் வரும், இழுத்தடிப்பார்கள்.

அதனால் மறுபடி போ. பெயரை நீயாகச் சொல்லாதே, நான் கேட்கிற மாதிரியே கேள். 'டாக்டர், பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறதில்ல. கண்ணைப் பார்க்குறதில்ல. மூடியை வரிசையா வைக்கிறா. இதுக்கு என்ன பேரோ அதைத் தெளிவா எழுதிக் கொடுங்க.' இவ்வளவுதான். எத்தனையோ பெரிய டாக்டர்களை எழுதவைத்திருக்கிறேன், இவர் எழுத மாட்டாரா?

அன்புடன்,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இடுப்பு சரியாகிவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நீ எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எழுதணுமா?"

"எழுதணும்னு அக்கா சொன்னாங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொன்னாங்களா?"

எங்கள் அக்கா யோசிக்காமல் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். வேறொரு நிபுணரிடம் அனுப்பினார். அங்கே ஒரு காலை முழுக்கச் சோதித்தார்கள். பாதி நேரம் வாண்டு மேஜைக்கு அடியில் இருந்தாள், அந்த நிபுணரும் அவளோடு மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்து எழுதினார். முடிவு இதோடு இருக்கிறது. ஆட்டிசம். அதற்குக் கீழே 'அன்றாடத் தேவைகளுக்கு நீண்ட காலம் அதிக உதவி தேவைப்படும்' என்று ஒரு வரி. நம் டாக்டர் அதை அப்படியே தன் ரிப்போர்ட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீ ஆசைப்பட்ட மாதிரியே தெளிவாக இருக்கிறது.

வழியெல்லாம் அழுதேன் என்று எழுதினால் திட்டுவாய், அதனால் எழுதவில்லை.

நாங்கள் கிளம்பும்போது டாக்டர் வாசல்வரை வந்து ஒன்று சொன்னார். அது இருக்கட்டும். உனக்கு அங்கே தலைக்குமேல் வேலை.

உன் தங்கை


மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாரும் நலமா? நான் நலம்.

ரிப்போர்ட் வந்தது. அந்தப் பெயரைப் பிறர் ஃபைலில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அவள் பெயருக்குக் கீழே படித்ததும் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினேன். ஒரு பெரிய வேலை முடிந்தது. இனிமேல் ஒளித்து வைக்க நமக்கு ஒன்றும் இல்லை.

அறை மாறிவிட்டேன். இந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறது, அகலமான விளிம்பு, மூடி வைக்கத் தாராளமாக இடம். அந்த அறுவைச் சிகிச்சைக்காரியும் நானும் ஒரு சின்னக் கட்டிலை மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தோம். திருகாணி ஒன்று மிச்சம் இருக்கிறது, எங்கே போக வேண்டியது என்று இரண்டு டாக்டர்களுக்கும் தெரியவில்லை. கட்டில் ஆடுகிறது. அவள் வருவதற்குள் சரிசெய்துவிடுவேன்.

வாசலில் டாக்டர் என்ன சொன்னார்? எந்த ஃபைலிலும் 'அது இருக்கட்டும்' என்று எழுதி நான் பார்த்ததில்லை. தெளிவாக எழுதவும்.

அன்புடன்,
அக்கா


மே 6

அன்புள்ள தங்கைக்கு,

உனக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லையா? உனக்கா? போன திங்கட்கிழமை உன் ஆபீசுக்குப் போன் செய்து ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

விசா கிடைக்கவில்லை. எனக்கு உண்டு, அவளுக்கு இல்லை.

ஆஸ்பத்திரியின் விசா பிரிவுக்காரர் மேலே கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். முதலில் தண்ணீர் கொடுத்தார், அப்போதே தெரிந்துவிட்டது. இந்தக் குழந்தையின் சிகிச்சைக்கும் படிப்புக்கும் ஆகும் செலவு இந்த நாடு அனுமதிக்கும் அளவைத் தாண்டும், ஆகவே நிராகரிக்கப்படுகிறது என்று வாசித்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"இவ்வளவு விவரமா யாரும்மா எழுதச் சொன்னது? சாதாரண ரிப்போர்ட்தானே கேட்டாங்க? பேச்சு கொஞ்சம் தாமதம்னு மட்டும் இருந்திருந்தா பார்த்துட்டு கையெழுத்து போட்டிருப்பாங்களே."

நான்தான் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. டாக்டர் எழுதியதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

போதும் என்று அந்த டாக்டர் சொன்னாரே, அதில் எல்லாம் இருந்திருக்கிறது. சோம்பேறி என்று எழுதினேனே! எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான், அதை என் குழந்தையிடமே செய்துவிட்டேன். அந்நியர் பட்ட பாட்டையெல்லாம் கணக்கில் ஏற்றி ஏற்றி, கடைசியில் அவளையும் ஒரு செலவுக் கணக்காக்கிவிட்டேன். கட்டிலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா


மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நலம். நீ சாப்பிடுகிறாயா? அதை முதலில் சொல்.

திட்டச் சொன்னாய். எனக்கு வரவில்லை. பதில் எழுதாததற்கு என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன். டாக்டர் வாசலில் சொன்னதை எழுதச் சொல்லிக் கேட்டாய், எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இப்போது எழுதுகிறேன். "எழுதினதை அழிக்க முடியாதும்மா. கொஞ்சம் வளரட்டுமேன்னு பார்த்தேன். இனிமே இவ எங்க போனாலும் இந்தப் பேப்பர் முன்னாடி போய் நிக்கும்" என்றார். அவர் சொல்லும்போது கையெழுத்து ஆகிவிட்டது. நான் அப்போதே ஓடிவந்து உனக்குப் போன் செய்திருக்கலாம். நீ சொல்வதைச் செய்தே பழகியவள், அக்காவுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். உன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழகாதது என் தப்பு.

ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. இங்கே ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறதாம், நம் டாக்டரே சொல்லி அனுப்பினார். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சேர்த்துக்கொண்டார்கள். கட்டணம் அதிகம்தான், நீ அனுப்புவதில் கட்டிவிடலாம். டீச்சர் இளம்வயதுப் பெண், குரலை உயர்த்துவதே இல்லை. முதல் நாளே வாண்டு அவருடைய பேனா மூடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டாம் நாள் டீச்சரே ஒரு டப்பா நிறைய மூடி கொண்டுவந்து வைத்துவிட்டார். கெட்டிக்காரி.

கட்டிலைக் கழற்றிப்போடாதே. மேல்முறையீடு என்று ஒன்று இருக்குமே.

உன் தங்கை


ஜூன் 12

அன்புள்ள தங்கைக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. அந்த டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்.

மேல்முறையீடும் முடிந்துவிட்டது. ஸ்பான்சர் என்ற முறையில் ஆஸ்பத்திரி ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தது. எங்கள் மேலாளர் அம்மா நேரில் போய்ப் பேசினார், என்மேல் அவருக்கு இவ்வளவு அக்கறை இருக்கும் என்று நினைக்கவில்லை. முடிவு மாறவில்லை, இனி மாறவும் மாறாது. நம் டாக்டரிடம் மாற்றி எழுதச் சொல்லலாமா என்றுகூட என் புத்தி போனது. ஆனால் இந்த ரிப்போர்ட் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. மாற்றினால் பொய் என்பார்கள், அவர் பேரும் கெடும்.

வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். விட்டால் இந்த ஸ்பான்சர் போய்விடும், திரும்ப வர முடியாது. அதைப் பற்றிக்கூட எனக்குக் கவலை இல்லை. ஆனால் நான் முன்பு வேலை பார்த்த கிளினிக் சம்பளத்தில் வீட்டு வாடகையும் அவள் பயிற்சியும் சேர்ந்து நடக்காது. பயிற்சியை நிறுத்திவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவா? சொல்.

அவளுக்கு ஏதாவது பேச்சு வந்திருக்கிறதா? அம்மா என்கிறாளா?

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

வாண்டு பேசுகிறாள் அக்கா! 'தண்ணி' வந்துவிட்டது. 'மூடி' வந்துவிட்டது. 'போதும்', 'வேண்டாம்' இரண்டும் சொல்கிறாள், வேண்டாம் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறாள், அது உன்னைக் கொண்டது. டீச்சருக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லையாம். தலையை இடித்துக்கொள்வதும் குறைந்திருக்கிறது.

இப்போதைக்கு வேலையை விட்டுவிடாதே. ஆபீசில் ஆள் கூப்பிடுகிறார்கள், இவ்வளவுதான் எழுத முடிந்தது.

உன் தங்கை


ஜூலை 14

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். தண்ணி என்று சொல்லிப் பார்த்தேன், மூடி என்று சொல்லிப் பார்த்தேன். எதிர் மேஜைக்காரி என்ன பைத்தியமா என்று கேட்டாள்.

ஆனால் நான் கேட்டது ஒன்று. நீ எழுதியது நாலு வார்த்தை, அதில் நான் கேட்டது இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து டாக்டர்கள் எதை எழுதாமல் விட்டார்கள் என்று தேடுவதுதானடி என் பிழைப்பு. என்னிடமே விட்டுவிட்டு எழுதுகிறாயா? அவளுக்கு வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுது, நான் தாங்கிக்கொள்வேன்.

எனக்கு லீவு கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன். மூன்று வாரம். அவளிடம் சொல்.

அம்மா என்கிறாளா, இல்லையா?

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத வரவில்லை.

சொல்கிறாள். என்னைப் பார்த்துச் சொல்கிறாள்.

மே மாதமே வந்துவிட்டது. அவள் சொன்ன முதல் வார்த்தையே அதுதான், தண்ணி இல்லை. பயிற்சி அறையில் எல்லாக் குழந்தைகளோடும் அவரவர் அம்மா உட்கார்ந்திருப்பார்கள், நான் மட்டும்தான் சித்தி. வேண்டியதை வேண்டியவரிடம் கேட்கப் பழக்குவார்கள். பக்கத்துக் குழந்தை அம்மா என்று கூப்பிட்டு பிஸ்கட் வாங்கியது. இவள் அதைப் பார்த்தாள், என் பக்கம் திரும்பினாள், அம்மா என்றாள். பிஸ்கட் டப்பாவை அப்படியே அவள் மடியில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து 'சித்தி, சித்தி சொல்லு' என்றேன். விடாமல் ஒரு வாரம் சொன்னேன். சுவரில் முட்டிக்கொண்டு ரத்தம் வந்துவிட்டது. பேச்சும் நின்றுவிட்டது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு வார்த்தையை ஒரு ஆளோட சேர்த்து முடிச்சு போட்டிருக்காம்மா. அதைப் பிடிச்சுத்தான் மத்ததெல்லாம் வரும். இப்போ அவிழ்க்காதீங்க" என்றார். விட்டுவிட்டேன். மறுபடி அம்மா என்றாள். அதற்குப் பிறகுதான் தண்ணி வந்தது. நீ கேட்டபோதெல்லாம் எழுதத்தான் நினைத்தேன்.

உன் பொருளைத் திருடி வைத்திருப்பதுபோல இருக்கிறது. அதைவிட மோசம், அவள் கூப்பிடும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது அக்கா. அதையும் தெளிவாக எழுதிவிட்டேன். வா. வந்து என்னை அடி.

உன் தங்கை


செப்டம்பர் 29

அன்புள்ள தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வாண்டு எப்படி இருக்கிறாள்? நீ அழுகையை நிறுத்தினாயா?

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. திரும்பிப் போவதில்லை என்ற முடிவோடுதான் நான் அங்கே வந்தேன். பயிற்சிக்கு எப்படியாவது வழி பார்த்துக்கொள்ளலாம், பக்கத்தில் இருந்தால் பழகிவிடுவாள் என்று நினைத்தேன்.

வந்த அன்றைக்கே என் செருப்பை உள்ளே தட்டில், உங்கள் இரண்டு பேர் செருப்புக்கும் பக்கத்தில் வைத்தேன். அவள் எடுத்துக்கொண்டு போய் வெளியே படியில் வைத்தாள், முனை தெருவைப் பார்க்க. குழாய் ரிப்பேருக்கு வந்தவர் செருப்பையும் அப்படித்தான் வைத்தாள். நான் மறுபடி உள்ளே வைத்தேன், அவள் மறுபடி வெளியே வைத்தாள். நான் இருந்தவரை தினமும் இது நடந்தது. நீ பார்த்தாய், பார்க்காததுபோலச் சமையலறைக்குப் போனாய்.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் அவளாக என்னிடம் வந்து என் கையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு போய் ஒரு பாட்டிலின் மூடிமேல் என் கையை வைத்தாள். திறந்து கொடுத்தேன். கையை விட்டுவிட்டு, மூடியை எடுத்துக்கொண்டு 'அம்மா' என்று உன்னிடம் ஓடினாள். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இந்தக் குழந்தைகள் மனிதர் கையை ஒரு கருவிபோலப் பயன்படுத்துவார்கள் என்று நான் படித்திருக்கிறேன். அது பரீட்சைக்குக்கூட வந்தது.

நீ ஆபீஸ் போயிருந்தபோது டீச்சரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். "நான்தான் பெத்தவ. இனிமே இங்கேயே இருந்துடுறேன். என்னை அம்மான்னு பழக்க முடியுமா?" என்று கேட்டேன். "முயற்சி பண்ணலாம்மா. ஆனா இப்போ வந்திருக்கிற பேச்சு போயிடும். திரும்ப வருமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குப் பதில் எழுதியதில்லை.

அதனால்தான் சொன்ன தேதியிலேயே கிளம்பினேன். உன்மேல் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். நீ வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாய். அவள் படியிலிருந்து என் செருப்பை எடுத்து, ஒவ்வொன்றாக என் காலடியில் வைத்தாள். எனக்காக என் மகள் செய்த முதல் வேலை அது. மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கட்டிலை எதிர் மேஜைக்காரியிடம் கொடுத்துவிட்டேன், அவள் பிள்ளைக்கு விசா வந்துவிட்டது. பயிற்சிக்கு மாதாமாதம் வந்துவிடும், கவலைப்படாதே. நீ எதையும் திருடவில்லை. நான் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்.

அடுத்த தடவை நான் வரும்போது என்னை என்னவென்று கூப்பிடச் சொல்லித் தருவது என்று டீச்சர் கேட்டார். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவின் அக்காவை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே சொல்லித் தரச் சொல். கொஞ்சம் நீளமான வார்த்தை. அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாக வரட்டும்.

இனி மழையும் குளிருமாக இருக்கும், அவளுக்குக் காதை மூடிக் குல்லாய் போட்டு விடு. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பெரியம்மா